பள்ளியைக் கொடுத்த சபை

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 2:41–47, 1 கொரிந்தியர் 11:17–34, எபிரெயர் 13:12–16

இரயில் பயணத்தில் இரண்டு கிறிஸ்தவர்கள் சந்தித்துக்கொண்டால், ஊர் எது என்பது முதல் கேள்வி. எந்தச் சபை என்பது இரண்டாவது கேள்வி. சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, சகோதரர் சபை, ஆர்.சி. என்று ஏதோ ஒரு பதில் வருகிறது. அதன்பின் பேச்சு நெருங்குவதும் விலகுவதும் அந்தப் பதிலைப் பொறுத்தே அமைகிறது. கேட்டவரும் சொன்னவரும் ஒரே ஆண்டவரின் நாமத்தைத் தரித்தவர்கள் என்பது அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மறைந்துபோகிறது. "சபை" என்னும் சொல்லை நாம் கட்டடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் பதிவேட்டுக்கும் கொடுத்துவிட்டோம். வேதம் அதை யாருக்குக் கொடுத்திருக்கிறது என்பதை ஆராய்வது இன்றியமையாதது.

திருவனந்தபுரத்தில் இந்தச் சொல் தேவாலயத்துக்கு வெளியேயும் அன்றாடம் வழங்குகிறது. கேரளச் சட்டமன்றத்துக்கு நியமசபை என்று பெயர். பல ஆண்டுகள் அது தலைமைச் செயலகத்தின் பழைய மண்டபத்தில் கூடியது. 1998 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் திறந்துவைத்த புதிய மாளிகைக்கு மாறியது. மண்டபம் மாறியதால் சபை வேறொன்றாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அழைக்கப்பட்டுக் கூடியவர்களே சபை என்பது அரசியல் காரியத்தில் எல்லாருக்கும் எளிதாய் விளங்குகிறது. ஆராதனைக் காரியத்தில்தான் விளங்க மறுக்கிறது.

புதிய ஏற்பாட்டில் "சபை" என்று வரும் கிரேக்கச் சொல் எக்ளேசியா. இதுவும் அரசியல் சொல்லே. கிரேக்கப் பட்டணங்களில் குடிமக்களை அவரவர் வேலையினின்று அழைத்துக் கூட்டும் மன்றத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. எபேசு பட்டணத்தில் பவுலுக்கு விரோதமாய்த் திரண்டு இரைச்சலிட்டவர்களைக் குறிக்கவும் லூக்கா இதே சொல்லை எழுதியிருக்கிறார் (அப். 19:32, 41). தமிழ் வேதாகமம் அங்கே "கூட்டம்" என்று மொழிபெயர்த்திருப்பதால் வாசிப்பவர் அதைக் கவனிப்பதில்லை. எக்ளேசியா என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் கட்டடத்தைக் குறிக்கவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடின சபை உண்டு (ரோமர் 16:5). பிலேமோன் வீட்டிலும் ஒரு சபை உண்டு. வீடு அவர்களுடையது, சபை தேவனுடையது. சிரியா நாட்டில் ஐபிராத்து நதிக்கரையில் தூரா எவுரோப்பா என்னும் பாழடைந்த பட்டணத்தில், ஏறக்குறைய கி.பி. 240-ஐச் சேர்ந்த ஆராதனைக்கூடம் ஒன்று 1930-களில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதுவும் ஒரு வீடுதான். நடுச்சுவரை எடுத்து இரண்டு அறைகளை ஒன்றாக்கி, ஞானஸ்நானத்துக்கு ஒரு தொட்டியையும் அமைத்திருந்தார்கள்.

இவ்வளவும் படிப்புக்கு உகந்தவை. ஆனால் "கட்டடம் சபையல்ல" என்று கட்டடத்துக்குள் அமர்ந்து சொல்வது எளிது. அந்தக் கட்டடத்தை ஒருவர் வந்து கேட்கும்போது என்ன நடக்கிறது? திருவனந்தபுரத்தில் அப்படி ஒருநாள் கேட்டார்கள்.

தும்பாவின் ஞாயிறு

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, அரபிக்கடல் ஓரமாய், தும்பாவும் அதையொட்டிப் பள்ளித்துறையும் இருக்கின்றன. மலையாளத்தில் "பள்ளி" என்றால் கிறிஸ்தவ ஆலயம் என்றும் பொருள். பள்ளி இருக்கும் துறை பள்ளித்துறை ஆயிற்று. அங்குள்ள மீனவ மக்கள் தங்கள் விசுவாச மரபைப் பிரான்சிஸ் சவேரியாரோடு இணைத்துப் பேசுவார்கள். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் சவேரியார் திருவிதாங்கூர்க் கடலோரமாய் ஊர் ஊராக நடந்தார். ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதத்தில் எழுதினார். தமிழில் பெயர்க்கப்பட்ட ஜெபங்களை அவர் மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கற்று வீட்டிலுள்ளோருக்குக் கற்பித்தார்கள். போகும்போது ஒவ்வொரு ஊரிலும் அந்த ஜெபங்களின் எழுத்துப்பிரதி ஒன்றை விட்டுச்சென்றார். குருவானவர் எப்போது திரும்பி வருவார் என்று தெரியாத கரைகளில், ஓலையும் நினைவும் வைத்து ஒரு ஜனம் கூடிவந்தது. உபதேச வேற்றுமைகளை முன்னிட்டு இந்த வரலாற்றை ஒதுக்கிவைக்கும் வழக்கம் சுவிசேஷ சபைகளில் உண்டு. வேற்றுமைகள் மெய்யானவையே. ஆயினும் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்க அவை தடையாயிருக்க வேண்டியதில்லை.

1962-ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வுக்கான குழு, டாக்டர் விக்ரம் சாராபாயின் தலைமையில், ராக்கெட் ஏவுவதற்கு இடம் தேடியது. பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு அருகாகச் செல்கிறது. வளிமண்டலத்தின் மேல்தட்டில் அந்தக் கோட்டின்மேல் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிட ஏற்ற இடம் கிடைப்பது அரிது. ஆனால் தேர்ந்துகொண்ட நிலத்தில் மகதலேனா மரியாளின் பெயரால் ஓர் ஆலயம் இருந்தது. பிஷப்பின் இல்லம் இருந்தது; பள்ளிக்கூடம் இருந்தது; மீனவக் குடும்பங்களின் வீடுகள் இருந்தன. சாராபாயும் அவருடன் இருந்தவர்களும் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்துத் தங்கள் தேவையைச் சொன்னார்கள்.

அதன்பின் நடந்ததை அந்தக் குழுவில் இளம் பொறியாளராய் இருந்த ஏ. பி. ஜே. அப்துல் கலாம் தம் எழுத்திலும் உரைகளிலும் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பிஷப் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வரும்படி சொன்னார். ஞாயிறன்று சபையாருக்கு முன்பாக விஞ்ஞானிகளை நிறுத்தி, இவர்கள் நம் ஆலயத்தையும் நான் குடியிருக்கும் இல்லத்தையும் உங்கள் வீடுகளையும் கேட்கிறார்கள் என்று விளங்கச் சொன்னார். விஞ்ஞானமும் ஆன்மீகமும் மனிதரின் நன்மைக்காக அதே சர்வவல்லவரின் ஆசீர்வாதத்தையே நாடுகின்றன என்று எடுத்துரைத்து, கொடுக்கலாமா என்று கேட்டார். ஆலயம் முழுவதும் "ஆமென்" என்ற சத்தம் எழுந்தது.

இதில் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஆலயமும் இல்லமும் திருச்சபை அதிகாரத்தின் கீழ் இருந்தவை; கையொப்பம் பிஷப்புடையதே. அவர் தனியே முடிவு செய்து, ஞாயிறன்று அறிவிப்பு வாசித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் சபையைக் கேட்டார். கேட்ட அந்தக் கணத்திலே, சுவர்களுக்குள் இருந்தவர்கள் சுவர்களைக் குறித்துத் தீர்மானிக்கும் அதிகாரமுள்ளவர்களாய் நின்றார்கள். எக்ளேசியா என்ற சொல்லின் பழைய பொருள் அதுதான். சபைக் கமிட்டித் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் மலிந்திருக்கிற இந்நாட்களில் அந்த ஞாயிற்றை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மகதலேனா மரியாளின் பெயர் அந்த ஆலயத்துக்கு இருந்ததும் சிந்திக்கத்தக்கது. உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டத்தில் முதலாவது கண்டவள் அவள். அவரைப் பிடித்துவைத்துக்கொள்ளாதே, போய்ச் சகோதரருக்குச் சொல் என்ற கட்டளையும் அவளுக்கே முதலாவது கிடைத்தது (யோவான் 20:17).

1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலையில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே சென்றது. அது அமெரிக்காவிலிருந்து பெறப்பட்ட நைக்-அப்பாச்சி வகை. அது வானில் விட்ட சோடியம் ஆவி மாலை வெளிச்சத்தில் நிறம் காட்டிற்று. ஆலயம் ராக்கெட் பாகங்களைப் பொருத்தும் கூடமாயிற்று. பிஷப்பின் இல்லம் அலுவலகமாயிற்று. பாகங்களைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோன காலம் அது. 1968 பிப்ரவரி 2-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி அந்த நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். ஆலயத்தை இடிக்கவில்லை, இன்று அது விண்வெளி அருங்காட்சியகமாய் நிற்கிறது. மக்கள் நகர்ந்துபோய்ப் பள்ளித்துறையில் அதே மகதலேனா மரியாளின் பெயரால் வேறோர் ஆலயத்தில் கூடினார்கள். பழைய சுவர்களுக்குள் ராக்கெட் இருந்தது, சபை நடந்துபோயிருந்தது.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் இனிமையாய்ச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அநேகர். மற்றவர் செய்த தியாகத்தைப் புகழ்வதற்குச் செலவொன்றும் இல்லை. கடலோரத் தொழிலாளிக்கு வீடு என்பது கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம்; அலையின் நிறத்தைப் பார்த்து வள்ளம் தள்ளுகிறவனுக்கு இடம்பெயர்வது தொழில் பெயர்வதுமாகும். தலைமுறைகளின் ஞானஸ்நானமும் விவாகமும் நடந்த தரை அது. "ஆமென்" என்று சொன்ன வாய்கள் அன்றிரவு வீட்டில் என்ன பேசின என்பதை எந்த நூலும் எழுதவில்லை. ஆமென் சொன்னது மெய். அதற்கு அவர்கள் விலை கொடுத்ததும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சாட்சியாகும்.

மிஷனெரிப் பணித்தளங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. வட இந்தியக் கிராமங்களில் மரத்தடியிலும் வீட்டுத் திண்ணையிலும் கூடும் விசுவாசிகளுக்கு மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கூரை வேண்டும். ஜெபவீடு கட்டக் கொடுக்கப்படும் காணிக்கை நல்ல காணிக்கை. எனினும் இவ்வாண்டு எத்தனை ஆலயங்கள் பிரதிஷ்டை செய்யப்பட்டன என்ற எண்ணிக்கையால் ஊழியத்தை அளக்கும்போது அளவுகோல் வளைந்துவிடுகிறது. அந்த மரத்தடியில் கூடும் பத்துப் பேரில் ஒருத்தி விதவையானால் மற்ற ஒன்பது பேரும் அவள் வயலில் நாற்று நடப் போகிறார்களா? போகிறார்கள் என்றால் அங்கே சபை ஏற்கெனவே இருக்கிறது. போகவில்லையென்றால் சலவைக்கல் தரை போட்டாலும் அது இன்னும் உருவாகவில்லை.

ஒரு சொல், மூன்று தமிழ்ச் சொற்கள்

எருசலேமின் முதல் விசுவாசிகள் நான்கு காரியங்களை விடாமல் பற்றிக்கொண்டதாக லூக்கா எழுதுகிறார் (அப். 2:42). அப்போஸ்தலரின் போதகம், அப்பம் பிட்கும் பந்தி, ஜெபம் ஆகிய மூன்றும் நமக்கு எளிதில் விளங்குகின்றன. நான்காவது, கிரேக்கத்தில் கொய்னோனியா. பழைய தமிழ் வேதாகமம் அதை இவ்வசனத்தில் "அந்நியோந்நியம்" என்று பெயர்த்தது. யோவானின் முதலாம் நிருபத்தில் அதே சொல் "ஐக்கியம்" என்று வருகிறது. எபிரெயர் 13:16-ல் வரும்போது மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் "தானதர்மம்" என்று எழுதினார்கள். ரோமர் 15:26-ல் அது எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணம்.

மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறினார்கள் என்று எண்ண வேண்டாம். மூலச் சொல்லுக்குள் இம்மூன்றும் உண்மையில் இருக்கின்றன. பொதுவில் வைத்துக்கொள்வதே அதன் வேர்ப்பொருள்: ஒரே படகில் பங்காளிகள் போல. சீமோனோடு மீன்பிடித்த யாக்கோபையும் யோவானையும் கூட்டாளிகள் என்று குறிக்க லூக்கா அதே குடும்பத்தைச் சேர்ந்த சொல்லையே எடுத்தார் (லூக்கா 5:10). வலையும் ஒன்று, பாடும் ஒன்று, நட்டமும் ஒன்று. நம் சபைகளில் "ஐக்கியம்" என்ற சொல் மட்டும் தனியாய்ப் பிரிந்து, ஆராதனைக்குப்பின் கைகுலுக்குவதற்கும் தேநீருக்கும் உரிய இனிய சொல்லாகிவிட்டது. பணப்பை அதிலிருந்து கழன்றுகொண்டது, நட்டமும் கழன்றுகொண்டது. வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம் என்று பெயர்ப்பலகைகளில் எழுதும்போது, அந்தச் சொல்லின் மறுபாதி தானதர்மம் என்பதை நினைக்கிறவர்கள் சிலரே.

கொரிந்து சபையில் நேர்ந்தது அதுதான். அவர்கள் ஒன்றாய்க் கூடினார்கள், பந்தியும் இருந்தது. வேலையில்லாத செல்வர் முன்னதாகவே வந்து உண்டு குடித்தார்கள். நாள் முழுவதும் உழைத்துவிட்டுப் பிந்தி வந்தவர்களுக்கு வெறும் பாத்திரம் இருந்தது. நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் எழுதுகிறார் (1 கொரி. 11:20, 21). சரீரத்தைப் பகுத்தறியாமல் புசிப்பதைப்பற்றி அவர் அடுத்து எச்சரிப்பது (வசனம் 29), வரிசையில் தாமதமாய் நிற்கும் அந்தப் பசித்தவனை அறியாமல் புசிப்பதையும் சேர்த்தேதான். திருவிருந்து ஞாயிறுகளில் இவ்வசனத்தை அந்தரங்கப் பாவங்களை ஆராய்வதற்கு மட்டும் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. பவுல் அங்கே முதலாவது கேட்பது, பக்கத்தில் இருப்பவனுக்குச் சாப்பாடு வந்ததா என்பதையே.

கொரிந்து தூரத்து ஊர். கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் என்னும் ஒருவர் இருந்தார். 1879-ல், திருவல்லாவை அடுத்த இரவிபேரூரில், அடிமைத்தனத்தின் வடு ஆறாத ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. வேதத்தைக் கற்றுத் தேர்ந்து, வல்லமையாய்ப் பிரசங்கித்தார். ஒரு சபையிலிருந்து மற்றொரு சபைக்குப் போனார். போன இடமெல்லாம் ஒரே ஞானஸ்நானம் இருந்தது. ஒரே பந்தி இல்லை. இறுதியில் தம் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை என்ற தனி இயக்கத்தைத் தொடங்கினார். அது கிறிஸ்தவ உபதேசத்தை விட்டு வெகுதூரம் விலகிப்போயிற்று. 1921-லும் 1931-லும் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராகித் திருவனந்தபுரத்துக்கு வந்து, ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகவும் நிலத்துக்காகவும் பேசினார். அவருடைய உபதேசத்தைத் தவறென்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். அவரை இருத்திக்கொள்ள ஒரு பந்தி இல்லாமற்போனது யார் தவறு என்று கேட்க எத்தனை பேர்? அவர் எல்லாவற்றையும் விட்டபோதும் "சபை" என்ற சொல்லை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நட்டம் அறிந்தவர்கள்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியது. பூந்துறை, விழிஞ்ஞம் முதலான திருவனந்தபுரம் கடற்கரைகளிலும், தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருந்தும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த தூத்தூர் வட்டாரக் கிராமங்களிலும், ஆழ்கடலுக்குப் போனவர்கள் அநேகர் திரும்பவில்லை. சிலருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் அக்கரைகளில் நட்சத்திர விளக்கு இல்லாத கிறிஸ்துமஸ்.

ஒன்பது மாதங்கள்கூட முடியவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. பம்பையும் மணிமலையாறும் கரைபுரண்டு செங்கன்னூரையும் திருவல்லாவையும் சூழ்ந்தபோது, திருவனந்தபுரத்தின் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டார்கள். மாநிலம் முழுவதிலும் 669 படகுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் ஏறக்குறைய 65,000 பேரை மீட்டதாக அரசு கணக்கிட்டது. அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் சவேரியார் நடந்த கரையின் பிள்ளைகள். படகுதான் அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து. மதிற்சுவரிலும் மின்கம்பத்திலும் மோதி உடையக்கூடிய தெருக்களுக்குள் அதைச் செலுத்தினார்கள்.

அவர்கள் போன வட்டாரம் யோகன்னானின் இரவிபேரூர் இருக்கும் வட்டாரம். பழம்பெரும் கிறிஸ்தவக் குடும்பங்களின் மாடிவீடுகள் நிறைந்த நாடு அது. உள்நாட்டாரும் கடற்கரையாரும் நூற்றாண்டுகளாய் ஒரே கிறிஸ்துவின் நாமத்தைச் சொல்லியும், ஒரே பந்தியில் அமர்ந்தது அரிது. சம்பந்தம் கலந்தது அதனினும் அரிது. அந்த மாடிகளிலிருந்து முதியோரும் பிள்ளைகளும் மீன்நாற்றம் போகாத படகுகளில் இறங்கி, மீனவரின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பலருடைய வாழ்நாளில் அதுவே முதல் தடவையாய் இருந்திருக்கும்.

கொடுப்பதை ஐக்கியம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். வாங்குவதும் ஐக்கியம் என்பது கடினமான உபதேசம். பவுலுக்கு அது தெரிந்திருந்தது. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் புறஜாதி விசுவாசிகள் சேர்த்த காணிக்கையை எருசலேமின் யூத விசுவாசிகளிடம் அவரே கொண்டுபோனார். போகுமுன் ரோமாபுரியாரிடம் இரண்டு காரியங்களுக்காக ஜெபிக்கக் கேட்டார். ஒன்று, யூதேயாவில் அவிசுவாசிகளின் கைக்குத் தாம் தப்ப வேண்டும். மற்றொன்று, தாம் கொண்டுபோகும் உதவியைப் பரிசுத்தவான்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் (ரோமர் 15:31). பசியாயிருப்பவர்கள் பணத்தை மறுப்பார்களோ என்று அவர் அஞ்சியது நமக்கு வியப்பாயிருக்கலாம். விருத்தசேதனமில்லாதவர்களின் கையிலிருந்து வந்த பணம் அது. அதை வாங்கினால் அவர்களைச் சகோதரர் என்று ஒப்புக்கொண்டதாகும்.

முதல் ஜெபத்துக்கு எருசலேமில் கிடைத்த பதில் சங்கிலியும் சிறையுமாய் வந்தது. அதை லூக்கா விரிவாய் எழுதுகிறார். இரண்டாவது ஜெபத்தைப்பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. சகோதரர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்றும், மறுநாள் பவுல் யாக்கோபின் வீட்டுக்குப் போனபோது மூப்பர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள் என்றும் எழுதுகிறார் (அப். 21:17, 18). அந்த அறையில் காணிக்கைப் பையை யார் கைநீட்டி வாங்கினார் என்பதை அவர் எழுதவில்லை.